'இந்த டொமைன் உங்களுடையதா?' - ஒரு கேள்வியின் முப்பது வருடக் கதை

சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. டொமைன் வாங்கியாயிற்று, ஹோஸ்டிங் எடுத்தாயிற்று, பக்கங்களையும் ஏற்றியாயிற்று. பிரவுசரில் 'பாதுகாப்பானது அல்ல' என்று வருகிறதே, அதைப் போக்க ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தால், 'டொமைன் சரிபார்ப்பு தோல்வி' என்று ஒரு வரி வந்து நிற்கும். ஏன் என்று பார்த்தால் ஒருமுறை 404, அடுத்த முறை டைம்-அவுட், அதற்கடுத்த முறை டிஎன்எஸ் பிழை. நாலைந்து தடவை முயன்றால் 'ரொம்ப முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள்' என்று வெளியே அனுப்பிவிடும். மறுநாள் புராஜெக்ட் டெமோ என்றால் கேட்கவே வேண்டாம்!

இணையத்தில் தேடினால் 'இந்தக் கட்டளையைப் போடு, அந்த வரியை மாற்று' என்று நூறு விடைகள் கிடைக்கும். ஆனால் இந்தச் சோதனை ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது. இந்தச் சோதனையின் விதிகளில் பல, எங்கோ யாரோ ஏமாந்த பிறகு எழுதப்பட்டவை. அந்தக் கதைகள் தெரிந்தால் பிழையைச் சரிசெய்வதும் சுலபம். சரி, முதலில் இருந்து வருவோம்.

ஆரம்பத்தில் பேப்பர்தான்

நெட்வொர்க் செக்யூரிட்டி பேப்பரில் பொதுச்சாவி, தனிச்சாவி எல்லாம் படித்திருப்பீர்கள். இரண்டு கணினிகள் மூன்றாவது ஆளுக்குப் புரியாமல் பேசிக்கொள்ள அந்தக் கணக்கு போதும். ஆனால் எதிரில் இருப்பது யார் என்பதை அது சொல்லாது. திருடனோடு ரகசியமாகப் பேசி என்ன லாபம்? 'இந்தச் சாவி இந்த டொமைனுக்கு உரியது' என்று நாம் நம்பும் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தருவதுதான் சான்றிதழ். அந்த ஒருவர்தான் சான்றிதழ் நிறுவனம். யார் யாரை நம்பலாம் என்ற பட்டியல் நம் பிரவுசருக்குள்ளும் கணினிக்குள்ளும் இருக்கிறது.

நெட்ஸ்கேப் நிறுவனம் 1995ல் எஸ்எஸ்எல் முறையை உலகத்துக்குக் கொடுத்தது. அதே வருடம் அமெரிக்காவில் வெரிசைன் நிறுவனமும், தென்னாப்பிரிக்காவில் மார்க் ஷட்டில்வொர்த் என்ற இளைஞர் தொடங்கிய தாட் நிறுவனமும் பிறந்தன. 1999ல் தாட்டை வெரிசைன் சுமார் 575 மில்லியன் டாலருக்கு வாங்கியது. (அந்தப் பணத்தை வைத்து ஷட்டில்வொர்த் 2002ல் விண்வெளிக்குப் போய்வந்தார், 2004ல் உபுண்டுவைத் தொடங்கினார். அது தனிக் கதை.)

அந்தக் காலத்தில் சான்றிதழ் வாங்குவது கிட்டத்தட்ட பாஸ்போர்ட் வாங்குவது மாதிரி. நிறுவனப் பதிவு ஆவணங்களை அனுப்ப வேண்டும், அவர்கள் போன் செய்து விசாரிப்பார்கள், நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும், பணமும் நிறைய. ஆள் வைத்துச் சோதிப்பதால் பத்திரம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 2001 ஜனவரியில் ஆட்டம் கண்டது. மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், அந்த நிறுவனத்தின் பெயரிலேயே மென்பொருளில் கையெழுத்திடும் இரண்டு சான்றிதழ்களை வெரிசைனிடம் வாங்கிவிட்டார். மார்ச் மாதம் மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை வெளியிட்டது. இது இணையதளச் சான்றிதழ் அல்ல என்றாலும், மனிதர்கள் செய்யும் சோதனையும் ஏமாறும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஒரு மெயில் போதும்

2000களின் தொடக்கத்தில் ஜியோடிரஸ்ட் நிறுவனம் வேறு வழி பிடித்தது. நீங்கள் யார், கம்பெனி உண்மையா என்றெல்லாம் கேட்க மாட்டோம். இந்த டொமைன் உங்கள் கையில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்போம் என்றது. டொமைனின் பதிவேட்டில் உள்ள முகவரிக்கோ, அந்த டொமைனிலேயே உள்ள நிர்வாகி முகவரிக்கோ ஒரு மெயில் வரும். அதில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால் சில நிமிடங்களில் சான்றிதழ் தயார். இதுதான் டொமைன் சரிபார்ப்பு. விலை இறங்கியது, வேகம் ஏறியது, மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன.

இதில் ஒரு சின்னக் கேள்வி ஒளிந்திருந்தது. 'நிர்வாகி முகவரி' என்றால் எது? அட்மின், வெப்மாஸ்டர் சரி. வேறு என்னென்ன பெயர்களை ஏற்கலாம்? அப்போது பொதுவான பட்டியல் எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒன்று வைத்திருந்தது.

2008ல் மைக் ஸூஸ்மன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். மைக்ரோசாஃப்டின் லைவ் டாட் காம் அப்போது யாருக்கு வேண்டுமானாலும் இலவச மெயில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. 'எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்ஸ்' என்ற பெயரில் அங்கே ஒரு முகவரி எடுத்தார். தாட் நிறுவனத்தின் பட்டியலில் அந்தப் பெயரும் இருந்தது. விளைவு: கோடிக்கணக்கானோர் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகும் லாகின் டாட் லைவ் டாட் காமுக்கு ஒரு சான்றிதழ் அவர் கைக்கு வந்துவிட்டது. நல்லவேளை, அவர் ஆய்வாளர்.

அதே வருடம் டிசம்பரில் இன்னொரு கூத்து. வேறொரு சான்றிதழ் நிறுவனத்தை நடத்திவந்தவர், கொமோடோ நிறுவனத்தின் மறுவிற்பனையாளர் ஒருவரிடம் மொஸில்லா டாட் காமுக்குச் சான்றிதழ் கேட்டுப் பார்த்தார். கிடைத்துவிட்டது. மெயிலும் இல்லை, கேள்வியும் இல்லை!

சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு 2011ல் முதல் பொது விதிகளை ஏற்றுக்கொண்டது. 2012 ஜூலை 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதில் ஐந்தே பெயர்கள்: அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், வெப்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர். ஆறாவது கிடையாது. இன்றைக்கும் மெயில் வழிச் சோதனையைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'மெயில் வரவே இல்லை' என்று காத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 'இன்ஃபோ', 'காண்டாக்ட்' என்று முகவரி வைத்திருந்தால் அது கணக்கில் வராது. இந்த ஐந்தில் ஒன்றை உருவாக்கிவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.

பட்டியல் போட்ட பிறகும் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. 2015ல் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒருவர், மைக்ரோசாஃப்டின் ஃபின்லாந்து மெயில் டொமைனில் 'ஹோஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி காலியாக இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டார். அதை வைத்து அந்த டொமைனுக்கே சான்றிதழும் வாங்கினார். நேர்மையான மனிதர், தானே போய்த் தகவல் சொன்னார். இங்கே சான்றிதழ் நிறுவனம் விதியை மீறவே இல்லை. அந்த ஐந்து பெயர்களை ஒதுக்கிவைக்க டொமைன் வைத்திருந்தவர்கள் மறந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தப்பான சான்றிதழ் கிடைத்தால் என்னதான் ஆகும்?

இதுவரை சொன்னவற்றில் பெரிய சேதம் ஏதும் இல்லையே என்று தோன்றலாம். 2011ல் என்ன நடந்தது என்று பாருங்கள்.

டிஜிநோட்டார் என்பது நெதர்லாந்தின் சான்றிதழ் நிறுவனம். அந்நாட்டு அரசுத் தளங்களுக்கும் சான்றிதழ் கொடுத்தது. அதன் கணினிகளுக்குள் யாரோ புகுந்து, 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைத் தயாரித்துக்கொண்டார்கள். அதில் ஒன்று கூகிளின் எல்லாத் தளங்களுக்கும் செல்லும். ஆகஸ்ட் மாதம் ஈரானில் இருந்த ஒருவர், ஜிமெயிலைத் திறந்தால் குரோம் பிரவுசர் எச்சரிக்கிறதே என்று கேட்டார். அப்போதுதான் வெளியே தெரிந்தது. பின்னர் நடந்த விசாரணையில் சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகள் அந்தப் போலிச் சான்றிதழைச் சந்தித்திருப்பது தெரிந்தது. கிட்டத்தட்ட எல்லாமே ஈரானைச் சேர்ந்தவை. அந்த மனிதர்களின் மெயில்களை நடுவில் இருந்து யாரோ படித்திருக்க முடியும். மெயிலில் எழுதியதற்காகச் சிறைக்குப் போக நேரிடும் நாட்டில் அதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான திரைகளில் பூட்டுப் படம் ஒழுங்காகவே தெரிந்துகொண்டிருந்தது.

செப்டம்பரில் டிஜிநோட்டார் திவாலானது. அங்கே நடந்தது திருட்டு, சரிபார்ப்பில் பிழை அல்ல. ஆனால் விளைவு ஒன்றுதான். சரிபார்ப்பு தவறாகத் தோற்றால் நமக்கு ஒரு ராத்திரி தூக்கம் போகும். அது தவறாக ஜெயித்தால் வேறு யாருடைய வாழ்க்கையோ போகும். கதையின் மிச்சத்தை இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோப்பை வை, வந்து பார்க்கிறேன்

2014 நவம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. சான்றிதழ் இலவசம், வாங்குவதும் புதுப்பிப்பதும் தானியங்கி. 2015 செப்டம்பரில் முதல் சான்றிதழ், டிசம்பரில் எல்லோருக்கும் திறப்பு, 2020 பிப்ரவரிக்குள் நூறு கோடிச் சான்றிதழ்கள்! அது பயன்படுத்தும் ஆக்மி என்ற நெறிமுறை 2019ல் இணையத் தரநிலையானது.

மெயிலுக்குப் பதில் இங்கே இரண்டு வழிகள் பிரபலம். ஒன்று, அவர்கள் கொடுக்கும் ஒரு குறியீட்டை உங்கள் தளத்தில், புள்ளியில் தொடங்கும் 'வெல்-நோன்' என்ற ஃபோல்டருக்குள் 'ஆக்மி-சேலஞ்ச்' என்ற ஃபோல்டரில் ஒரு கோப்பாக வைக்க வேண்டும். அவர்கள் சர்வர் வந்து பார்க்கும். இரண்டு, அதைப் போன்ற ஒரு குறியீட்டை டொமைனின் டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவாகப் போட வேண்டும். எல்லாத் துணை டொமைன்களுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் வேண்டுமென்றால் லெட்ஸ் என்க்ரிப்டில் டிஎன்எஸ் வழி கட்டாயம்.

கோப்பு வழியில் வரும் முதல் சந்தேகம்: 'என் தளம் 8080 போர்ட்டில் ஓடுகிறதே, அங்கே வந்து பார்க்கக் கூடாதா?' கூடாது. ஏன்? சீனாவின் வோசைன் நிறுவனம் 2015ல் சில மாதங்கள் எந்த போர்ட்டில் கேட்டாலும் ஏற்றுக்கொண்டது. யூனிக்ஸ் கணினிகளில் 1024க்குக் கீழான போர்ட்டைத் திறக்க நிர்வாகி அனுமதி வேண்டும். மேலே உள்ளவற்றை அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் திறக்கலாம். கல்லூரி சர்வரில் லாகின் உள்ள ஒரு மாணவன், கல்லூரியின் டொமைனுக்கே சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று அர்த்தம்! அதனால்தான் இந்தச் சோதனை 80ஆம் போர்ட்டுக்கே வருகிறது. 'நாங்கள் ஹெச்டிடிபிஎஸ் மட்டும்தான்' என்று ஃபயர்வாலில் 80ஐ அடைத்து வைத்தால் டைம்-அவுட் வரும். 80ஐத் திறந்துவைத்து, வருகிறவர்களை 443க்குத் திருப்பிவிடுங்கள். சோதிக்கும் சர்வர் அந்தத் திருப்பத்தைப் பின்தொடரும். அங்கே பழைய சான்றிதழ் காலாவதியாகி இருந்தாலும் லெட்ஸ் என்க்ரிப்ட் கண்டுகொள்ளாது.

அதே வோசைன் இன்னொன்றும் செய்தது. துணை டொமைன் கையில் இருந்தால், முழு டொமைனுக்கும் சேர்த்தே சான்றிதழ் கொடுத்துவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை பார்த்தவர் 2015ல் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். பிறகு கிட்ஹப்பில் தனக்கிருந்த துணை டொமைனை வைத்து, கிட்ஹப்புக்கே சான்றிதழ் வாங்கிக் காட்டினார். இவையும் இன்னும் பல தவறுகளும் 2016ல் வெளியே வர, பிரவுசர்கள் வோசைனை ஒதுக்கத் தொடங்கின.

404 என்று வந்தால்...

'கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் 404 என்கிறது' என்பது எல்லோரும் சொல்லும் புகார். சில சமயம் கோப்பில் ஒரு எழுத்து கூடிவிட்டாலும் ஒத்துக்கொள்வதில்லை. ஏன் இத்தனை கண்டிப்பு?

கோடாடி நிறுவனத்தில் 2016 ஜூலையில் மென்பொருளை மாற்றியபோது ஒரு பிழை நுழைந்தது. அவர்களின் முறையில் குறியீடு, தேடும் முகவரியிலேயே இருந்தது. பல சர்வர்கள் இல்லாத பக்கத்தைக் கேட்டால், 'நீங்கள் கேட்ட இன்ன பக்கம் இங்கே இல்லை' என்று அந்த முகவரியையே திருப்பி எழுதி 404 கொடுக்கும். கோடாடியின் மென்பொருள் 404 என்பதைப் பார்க்காமல், பதிலில் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. இருக்கிறதே, பாஸ்! அதாவது 'இல்லை' என்று சொன்னதையே 'ஆம்' என்று எடுத்துக்கொண்டது. 2017 ஜனவரியில் தெரியவந்ததும் 8,850 சான்றிதழ்களை ரத்து செய்தார்கள். ஆக, 404 வந்ததும் சோதனை நின்றுவிடுவது நம் நன்மைக்குத்தான்.

உங்களுக்கு 404 வந்தால் பார்க்க வேண்டியவை மூன்று. புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்களைத் தடுக்கும் விதி சர்வர் அமைப்பில் இருக்கிறதா? வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் எல்லாக் கோரிக்கைகளையும் தானே எடுத்துக்கொள்கிறதா? மூன்றாவதுதான் பலரைச் சுற்றவிடுவது: டிஎன்எஸ்ஸில் பழைய ஐபிவி6 முகவரி மிச்சம் இருக்கிறதா? ஹோஸ்டிங் மாற்றும்போது ஐபிவி4 முகவரியை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் முதலில் ஐபிவி6 வழியாகத்தான் போகும். அங்கே பழைய சர்வர் 'இல்லை' என்று பதில் சொல்லிவிட்டால், மறுபடி ஐபிவி4 பக்கம் திரும்பாது. உங்கள் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லையென்றால் உங்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். குழம்பிப் போவீர்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. ஒரு விசேஷச் சான்றிதழை 443ஆம் போர்ட்டில் வைத்துக் காட்டுவது. 2018 ஜனவரியில் ஃபிரான்ஸ் ரோசென் என்ற ஆய்வாளர் அதில் ஓட்டையைக் காட்டினார். பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஹோஸ்டிங் சர்வர்களில், ஒருவர் எந்தப் பெயருக்கு வேண்டுமானாலும் சான்றிதழ் ஏற்ற முடிந்தது. அந்த வசதியை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் டொமைனைத் தன்னுடையது என்று நிரூபிக்கலாம். தகவல் வந்த உடனேயே லெட்ஸ் என்க்ரிப்ட் அந்த வழியை முடக்கியது, 2019 மார்ச்சில் முழுதாக மூடியது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமைத்தவர்களின் புதுப்பித்தல் அன்று தோற்றதற்குக் காரணம் இதுதான்.

வழியையே திருப்பிவிட்டால்?

இப்போது அடிப்படையான ஒரு சிக்கல். சான்றிதழ் இல்லாத தளத்தைச் சோதிக்க, பாதுகாப்பு இல்லாத பாதை வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தப் பாதையையே ஒருவர் திருப்பிவிட்டால், சோதிப்பவர் போய்ச் சேருவது திருடன் வீட்டுக்கு.

இணையத்தில் பாதைகளை முடிவு செய்வது பிஜிபி என்ற நெறிமுறை. 'இந்த முகவரிகள் என் பக்கம் இருக்கின்றன' என்று ஒரு நெட்வொர்க் சொன்னால் மற்றவை பெரும்பாலும் நம்பிவிடும். இப்படிப் பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்க முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் சொந்த டொமைன்களைத் தாக்கிச் செய்தே காட்டினார்கள்.

பரிகாரமாக 2020 பிப்ரவரியில் லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரே சோதனையை இணையத்தின் வெவ்வேறு இடங்களில் இருந்து செய்யத் தொடங்கியது. ஒரு பக்கம் பாதையைத் திருப்பலாம், எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் திருப்புவது கஷ்டம்.

அது வீண் பயம் இல்லை என்பது 2022 பிப்ரவரியில் தெரிந்தது. தென்கொரியாவின் கிளேஸ்வாப் என்ற கிரிப்டோ தளம், ககாவோ நிறுவனத்தின் சர்வரில் இருந்து ஒரு நிரல் கோப்பைப் பயன்படுத்திவந்தது. தாக்கியவர்கள் பிஜிபி மூலம் அந்த சர்வருக்குப் போகும் பாதையைத் திருப்பி, வேறொரு சான்றிதழ் நிறுவனத்திடம் அதற்குச் சான்றிதழும் வாங்கி, கோப்பை மாற்றி வைத்தார்கள். பயனர்கள் இழந்தது சுமார் 19 லட்சம் டாலர். 2025 முதல் பல இடங்களில் இருந்து சோதிப்பது எல்லாப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்களுக்கும் விதியாகிவிட்டது.

நமக்கு இதில் என்ன? 'எங்கள் தளத்துக்கு இந்தியாவில் இருந்து மட்டும்தான் ஆட்கள் வருவார்கள்' என்று ஃபயர்வாலில் வெளிநாடுகளைத் தடுத்து வைத்திருப்போம். ஒரு இடத்துச் சோதனை தேறும், வேறு இடத்தில் இருந்து வந்தது தோற்கும், 'இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு தோல்வி' என்று வரும். 'எந்த ஐபியில் இருந்து வருவீர்கள் என்று சொல்லுங்கள், அதை மட்டும் அனுமதிக்கிறேன்' என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். திருடனுக்கும் அல்லவா அது தெரிந்துவிடும்? தடையை எடுக்க முடியாதென்றால் டிஎன்எஸ் வழிக்கு மாறுவதே நல்லது.

டிஎன்எஸ்ஸின் கோபம்

டிஎன்எஸ் வழியில் அதிகம் நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. சில ஹோஸ்டிங் பேனல்கள் நீங்கள் எழுதும் பெயரின் பின்னால் டொமைன் பெயரைத் தாமாகவே ஒட்டிவிடும். நீங்களும் முழுப் பெயரை எழுதினால் டொமைன் இரண்டு முறை வந்துவிடும். பதிவு இருக்கும், ஆனால் கேட்கிற இடத்தில் இருக்காது. அப்புறம் காத்திருத்தல். மாற்றம் எல்லா நேம்சர்வர்களுக்கும் போய்ச்சேரும் முன் சோதிக்கச் சொன்னால் தோல்விதான்.

இன்னொன்று சிஏஏ பதிவு. 'என் டொமைனுக்கு இன்ன நிறுவனம் மட்டுமே சான்றிதழ் தரலாம்' என்று டிஎன்எஸ்ஸில் எழுதிவைக்கும் வசதி இது. 2013ல் தரநிலையாக வந்தது, 2017 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களும் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றானது. நீங்கள் சிஏஏ எதுவும் எழுதாவிட்டாலும், உங்கள் நேம்சர்வர் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று ஒழுங்காகச் சொல்லாமல் உளறினால் சான்றிதழ் கிடைக்காது.

இதில் எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு 2020 பிப்ரவரி 29 சாட்சி. லெட்ஸ் என்க்ரிப்டின் மென்பொருளில் ஒரு பிழை: ஒரு சான்றிதழில் பத்து டொமைன்கள் இருந்து, எல்லாவற்றுக்கும் சிஏஏவை மறுபடி பார்க்க வேண்டியிருந்தால், பத்தையும் ஒருமுறை பார்ப்பதற்குப் பதில் ஒன்றையே பத்துமுறை பார்த்தது. பாதிக்கப்பட்டவை 30,48,289 சான்றிதழ்கள். சில நாட்களுக்குள் சுமார் 17 லட்சத்தை ரத்து செய்தார்கள். மிச்சத்தையும் ரத்து செய்தால் ஏராளமான தளங்கள் படுத்துவிடும் என்பதால் காலக்கெடுவுக்குள் அதைச் செய்யாமல் விட்டார்கள்.

பதிவேடும் பொய் சொல்லும்

பழைய மெயில் வழியில் டொமைன் பதிவேட்டில், அதாவது ஹூ-இஸ் தகவலில் உள்ள முகவரியையும் நம்பினார்கள் என்றேன் அல்லவா? அதன் முடிவுரை சமீபத்தில்தான் எழுதப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டொமைன் பதிவேடு, மெயில் முகவரிகளை எழுத்தாக இல்லாமல் படமாகக் காட்டியது. கொமோடோ நிறுவனம் படத்தில் உள்ளதை மென்பொருளால் படித்தது. அந்த மென்பொருளுக்கு ஒன்று என்ற எண்ணும் ஆங்கிலச் சின்ன 'எல்' எழுத்தும் ஒன்றாகத் தெரிந்தன. 2016ல் இரண்டு ஆய்வாளர்கள், ஆஸ்திரிய டெலிகாம் நிறுவனத்தின் பெயரில் உள்ள 1க்குப் பதில் 'எல்' போட்ட டொமைனை வாங்கி, மெயிலைத் தங்களுக்கு வரவழைத்து, அந்த நிறுவனத்தின் டொமைனுக்குச் சான்றிதழும் வாங்கிக் காட்டினார்கள்.

2018ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும் பதிவேடுகளில் இருந்த மெயில் முகவரிகள் பெரும்பாலும் மறைக்கப்பட்டன. கடைசி அடி 2024ல். மோபி என்று முடியும் டொமைன்களின் ஹூ-இஸ் சர்வர் வேறு பெயருக்கு மாறியிருந்தது, பழைய பெயர் காலாவதியாகிக் கிடந்தது. வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தினர் 20 டாலருக்கு அதை வாங்கி ஒரு சர்வரை வைத்துப் பார்த்தார்கள். 1,35,000க்கும் மேற்பட்ட கணினிகள் இன்னும் பழைய இடத்துக்கே வந்து கேட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் சான்றிதழ் நிறுவனங்களும் உண்டு! கூட்டமைப்பு அந்த வருட இறுதியில் வாக்களித்து, 2025ல் ஹூ-இஸ் வழி மெயில் சோதனைக்கு முடிவு கட்டியது.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2025 ஏப்ரலில் எஸ்எஸ்எல் டாட் காம் நிறுவனத்தின் சோதனை, சரிபார்க்க வேண்டிய டொமைனை விட்டுவிட்டு, மெயில் முகவரியில் இருந்த டொமைனைச் சரிபார்த்ததாகக் குறித்துக்கொண்டது. அலியுன் டாட் காமில் ஒரு மெயில் கணக்கு மட்டுமே வைத்திருந்த ஆய்வாளருக்கு, அந்த டொமைனுக்கே சான்றிதழ் கிடைத்தது. 11 சான்றிதழ்கள் ரத்தாயின. 2008ல் ஸூஸ்மன் காட்டிய அதே கதை, 17 வருடம் கழித்து வேறு வேடத்தில்.

இனிமேல்

2025 ஏப்ரலில் கூட்டமைப்பு எடுத்த முடிவின்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள். ஒருமுறை செய்த டொமைன் சரிபார்ப்பை மறுபடி பயன்படுத்தும் காலமும் 2029ல் 10 நாளாகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கையால் செய்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் இனி செல்லாது. தானியங்கியாக வைத்தே ஆக வேண்டும். வைத்த பிறகு அது தோற்றால் நமக்குத் தெரியும்படியும் செய்ய வேண்டும்.

அடுத்த முறை அந்தச் சிவப்பு வரி வந்தால் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தாதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்டில் ஒரு டொமைனுக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தோல்விதான் கணக்கு. முயன்று பார்க்கவென்றே தனியாக ஒரு சோதனை சர்வர் வைத்திருக்கிறார்கள், அதில் பழகுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்: டிஎன்எஸ்ஸில் இரண்டு ஐபி முகவரிகளும் சரியா, 80ஆம் போர்ட் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறதா, கோப்பு மொபைல் டேட்டாவில் இருந்து பார்த்தாலும் தெரிகிறதா, சிஏஏ கேள்விக்கு நேம்சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்கிறதா. கூடவே, உங்கள் டொமைனில் மற்றவர்களுக்கும் மெயில் முகவரி கொடுப்பவர் என்றால் அந்த ஐந்து பெயர்களை முதலில் உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த சர்வர் உங்களை நம்ப மறுப்பதற்குக் காரணம், உங்கள் டொமைன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவன் வந்தாலும் அதே மாதிரி மறுக்க வேண்டும் என்பதுதான். உங்களை மட்டும் சுலபமாக உள்ளே விடும் கதவு ஒன்றை இந்த முப்பது வருடத்தில் யாராலும் செய்ய முடியவில்லை. நம்ம பேட்ச்சில் யாராவது செய்தால் சந்தோஷம் :-)